சங்கத்தின் சொல் லயத்துக்கு எட்டுகிறதா?



நமது தோட்டங்களில் சங்கங்களுக்குக் குறைவில்லை. மரண சகாய சங்கம் இருக்கிறது. மாதர் சங்கம் இருக்கிறது. இளைஞர் மன்றம், கோயில் கமிட்டி, பிள்ளை மடுவத்துக்கு ஒரு பெற்றோர் குழு, வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் என்று ஒரு டிவிசனுக்குள்ளேயே ஐந்தாறு அமைப்புகள் இருப்பதுண்டு. இவை யாவும் லாபம் தேடாமல் ஒரு நல்ல காரியத்துக்காக நடப்பவை. ஆனால் இவற்றின் தலைவர், செயலாளர்களைக் கேட்டால் எல்லோரும் சொல்லும் குறை ஒன்றுதான்: “கூட்டம் போட்டா ஆளு வர்றதில்ல.” அதே லயத்தில் நாலு காம்பரா தள்ளிப் போய்க் கேட்டால் வேறு பதில் வரும்: “எங்களுக்கு யாரு சொன்னா?”

இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். செயலாளர் நோட்டீஸ் எழுதி ஒட்டியிருப்பார். லயத்தில் இருப்பவருக்கு அது போய்ச் சேர்ந்திருக்காது. நோட்டீஸ் ஒட்டுவது ஒரு வேலை, செய்தி போய்ச் சேருவது இன்னொரு வேலை. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதும் நடந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வதால்தான் நல்ல சங்கங்கள்கூட நாளடைவில் படுத்துவிடுகின்றன.

செய்தி எட்டாமல் போனால் என்ன நஷ்டம் என்று சிலர் கேட்கலாம். பிறந்த பிள்ளையை 42 நாளுக்குள் பதிய வேண்டும். மூன்று மாதம் தாண்டினால் காலங்கடந்த பதிவு என்று ஆகி, கடதாசிகளைத் தேடி அலைய வேண்டியிருக்கும். 15 வயது முடிந்த பிள்ளைக்கு அடையாள அட்டை எடுக்க வேண்டும். ஈ.பி.எப். பணத்துக்கு வாரிசு பேர் கொடுத்திருக்க வேண்டும். இவற்றில் ஒன்றைத் தவறவிட்டாலும் அந்தக் குடும்பம் பல வருஷம் கஷ்டப்படும். மலைச்சரிவில் இருக்கும் லயத்துக்கு மழைக்கால எச்சரிக்கை எட்டாவிட்டால் உயிரே போய்விடும். எனவே செய்தி சொல்வதைச் சின்ன விஷயமாக நாம் நினைக்கக் கூடாது. அதை எப்படிச் சரியாகச் செய்வது என்பதையே இங்கே விளக்க விரும்புகிறோம்.

பழைய காலத்தில் எப்படிச் சொன்னார்கள்?

எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவாக இருந்த காலத்திலும் நமது முன்னோருக்குச் செய்தி எட்டத்தான் செய்தது. விடியற்காலையில் தப்புச் சத்தம் கேட்டால் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று தெரியும். சாவு என்றால் தப்பின் அடியே வேறு. திருவிழா என்றால் அதுவும் வேறு. வாயைத் திறக்காமலே மூன்று செய்தியைத் தப்பு சொல்லிவிடும். அந்த அடிகள் எல்லோருக்கும் பழக்கமானவையாக இருந்ததுதான் அதற்குக் காரணம்.

தொழிற்சங்கம் தோட்டத்துக்குள் நுழைந்த கதையும் நமக்குப் பாடம்தான். தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்த கோ. நடேசய்யர் 1920களில் பத்திரிகைகள் நடத்தினார். 1931இல் அட்டனை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளருக்கென்று ஒரு சம்மேளனத்தை அமைத்தார். அந்நியர்கள் துரையின் அனுமதியில்லாமல் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத நாட்கள் அவை. அவர் புடவை வியாபாரியைப் போல லயங்களுக்குள் போய் ஆட்களின் நிலைமையைப் பார்த்தார் என்று இன்றும் சொல்லப்படுகிறது. அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடினார். தொழிலாளரின் கஷ்டத்தையும் உரிமையையும் பாட்டாகக் கட்டிச் சிறிய புத்தகங்களாகவும் அச்சிட்டார்கள்.

ஏன் பாட்டு? எழுத்து தெரியாதவரும் பாட்டை மனதில் வைத்துக்கொள்வார். கூட்டத்துக்கு வராதவளுக்கும் கொழுந்து நிரையில் பக்கத்தில் நிற்பவள் பாடிக் காட்டுவாள். ஒரு தடவை சொன்னது பத்து வாயால் பரவும். பத்திரிகை படிப்பவருக்குப் பத்திரிகை, படிக்காதவருக்குப் பாட்டு என்று ஆளுக்கேற்ற வழியை அவர்கள் கண்டுபிடித்தார்கள். இன்று நம்மிடம் ஒலிபெருக்கி இருக்கிறது, கைத்தொலைபேசி இருக்கிறது, அச்சடித்த போஸ்டர் இருக்கிறது. ஆனால் ‘இது யாருக்குச் சொல்கிறோம், அவர் எப்படிக் கேட்பார்’ என்ற அந்தப் பழைய கேள்வியை மட்டும் கேட்க மறந்துவிடுகிறோம்.

2003இல் நடந்தது

நமது மக்களின் வரலாற்றில் செய்தி சரியாகப் போய்ச் சேர்ந்த ஒரு பெரிய சம்பவம் 2003இல் நடந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டவர்களில் ஒரு பகுதியினரின் பிரச்சினை அரை நூற்றாண்டு கடந்தும் தீராமல் கிடந்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அதற்கு முடிவு கட்டியது. 1964 அக்டோபர் 30 முதல் இந்த நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினரும் அவர்களது சந்ததியினரும் இலங்கைப் பிரஜைகள் என்று அது சொன்னது.

சட்டம் வந்தது பெரிய விஷயம்தான். ஆனால் கடதாசி கையில் இல்லாதவருக்குச் சட்டப் புத்தகத்தில் எழுதியிருப்பதால் என்ன பயன்? அந்த வருஷக் கடைசியில் அரசாங்கமும் ஐக்கிய நாடுகளின் அகதிகளுக்கான நிறுவனமும் தொழிற்சங்கத்தாரும் தொண்டர்களும் சேர்ந்து நடமாடும் சேவைகளை நடத்தினார்கள். பத்தே நாளில் சுமார் 1,90,000 பேர் பயன் பெற்றார்கள்.

இது எப்படி முடிந்தது என்று நாம் யோசிக்க வேண்டும். முதலாவது, ஆட்களைக் கொழும்புக்கு வரச் சொல்லவில்லை. வேலை செய்யும் இடத்துக்குக் கிட்டவே சேவை போனது. இரண்டாவது, சொன்ன செய்தி ஒன்றுதான்: வந்து விண்ணப்பத்தை நிரப்பிக் கையெழுத்து வைத்து உங்கள் பத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, எழுதத் தெரியாதவருக்கு நிரப்பிக் கொடுக்கப் பக்கத்திலேயே ஆள் இருந்தார். நான்காவது, தோட்டத்து ஆட்கள் ஏற்கெனவே நம்பும் மனிதர்களின் வாயால் அந்தச் செய்தி வந்தது. ஒரு சின்ன மாதர் சங்கம் நடத்தும் இரத்தச் சோகைக் கிளினிக்குக்கும் இதே நான்கு விஷயங்கள்தான் தேவை.

நோட்டீஸ் எழுதும் முன் ஐந்து கேள்வி

பேனையைக் கையில் எடுக்கும் முன் கமிட்டி உட்கார்ந்து ஐந்து கேள்விகளுக்குப் பதில் காண வேண்டும்.

1. இது யாருக்கு? ‘எல்லோருக்கும்’ என்று பதில் சொன்னால் ஒருவருக்கும் போய்ச் சேராது. கர்ப்பிணித் தாய்மாருக்கா, பென்சன் வயதை நெருங்குபவருக்கா, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளுக்கா என்று தீர்மானிக்க வேண்டும்.

2. கேட்டவர் என்ன செய்ய வேண்டும்? வர வேண்டுமா, ஒரு பத்திரத்தைக் கொண்டுவர வேண்டுமா, பேர் கொடுக்க வேண்டுமா? ஒரு நோட்டீசுக்கு ஒரு வேலை போதும்.

3. செய்தால் அவருக்கு என்ன நன்மை? செய்யாவிட்டால் என்ன கஷ்டம்? சங்கத்துக்கு என்ன நன்மை என்பது இங்கே கேள்வியில்லை.

4. எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம்?

5. சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது? ஆளின் பேரும் அவர் இருக்கும் லயமும் தெரிய வேண்டும்.

ஒரு உதாரணம் பார்ப்போம். நமது ஆட்களில் பலருக்குச் செக்ரோலில் ஒரு பேர், அடையாள அட்டையில் ஒரு பேர், பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் இன்னொரு பேர். செக்ரோலில் ராமாயி, அட்டையில் ராமாயம்மாள், பத்திரத்தில் ராமலட்சுமி. பேர் பதியும்போது கிளாக்கருக்குக் காதில் விழுந்தபடி எழுதியது, வீட்டில் கூப்பிடும் பேரையே கொடுத்தது, சிங்களத்திலும் இங்கிலீசிலும் மாற்றி எழுதும்போது எழுத்து மாறியது என்று இதற்குப் பல காரணம். வேலை செய்யும் காலத்தில் இது பெரிதாகத் தெரியாது. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் ஈ.பி.எப். எடுக்கப் போகும்போதுதான் ‘இந்த மூன்று பேரும் ஒரே ஆள்தான்’ என்று நிரூபிக்க வேண்டிவரும். இதைப் பற்றி ஒரு சங்கம் கூட்டம் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக நோட்டீஸ் இப்படி இருக்கும்:

“ஊழியர் சேமலாப நிதிய அங்கத்தவர்களது பெயர் விபரங்களில் காணப்படும் முரண்பாடுகளை நிவர்த்தி செய்தல் தொடர்பான விழிப்புணர்வுக் கூட்டம் எதிர்வரும் ஞாயிற்றுக்கிழமை நடைபெறவுள்ளதால் சகல அங்கத்தவர்களும் தவறாது சமுகமளிக்குமாறு இத்தால் அறியத்தரப்படுகிறது.”

இதில் தப்பான வார்த்தை ஒன்றுமில்லை. ஆனால் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவசரமாகப் போகிற தாய் இதை நின்று படிப்பாளா? படித்தாலும், இது தன்னைப் பற்றியது என்று அவளுக்கு விளங்குமா? மணியும் இல்லை, இடமும் இல்லை. இதையே இப்படி எழுதிப் பார்க்கலாம்:

“செக்ரோலில் ஒரு பேர், ஐடென்டி கார்டில் வேறு பேரா? நாளைக்கு ஈ.பி.எப். காசு எடுக்கும்போது சுணங்கும். இப்போதே சரிபார்ப்போம். ஞாயிறு காலை 10 மணி, மேல் டிவிசன் பிள்ளை மடுவம். ஐடென்டி கார்ட், பிறப்புச் சாட்சிப் பத்திரம், சம்பளத் துண்டு மூன்றையும் கொண்டு வாருங்கள். ஆளுக்கு ஐந்து நிமிஷம்தான். விளக்கம் தேவையென்றால் ஐந்தாம் லயத்தில் மாதர் சங்கச் செயலாளரைக் கேளுங்கள்.”

இரண்டுமே ஏறக்குறைய ஒரே விஷயம்தான். முதலாவதில் சங்கம் தனது கடமையை முடித்துக்கொள்கிறது. இரண்டாவதில் அந்தத் தாயின் வேலை தொடங்குகிறது.

பேசுவது போல எழுதினால் மரியாதை குறையுமா?

சில செயலாளர்கள் இப்படிப் பயப்படுவதை நாம் பார்த்திருக்கிறோம். ‘சமுகமளிக்கவும்’ என்று எழுதினால்தான் சங்கத்துக்குக் கௌரவம், ‘வாருங்கள்’ என்று எழுதினால் மதிக்கமாட்டார்கள் என்று எண்ணுகிறார்கள். கந்தோருக்கு எழுதும் கடிதத்துக்கு ஒரு நடை உண்டு. லயத்துச் சுவருக்கு எழுதும் நோட்டீசுக்கு வேறு நடை உண்டு. ‘போசாக்கின்மை’ என்பதற்குப் பதில் ‘பிள்ளை எடை கூடவில்லை’ என்று எழுதலாம். ‘குருதிச் சோகை’ என்பதை ‘இரத்தம் குறைவு, தலை சுற்று, மலை ஏற மூச்சு வாங்குது’ என்று சொல்லலாம். டாக்டரும் மருத்துவமாதுவும் பயன்படுத்தும் சொல்லையும் பக்கத்தில் ஒரு தடவை சொல்லிவைத்தால் நல்லது. கிளினிக்கில் அந்தச் சொல்லைக் கேட்கும்போது மிரள வேண்டியதில்லை.

நோட்டீசை எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யலாம். அதிகம் படிக்காத ஒரு பாட்டிக்கு அதை ஒரு தடவை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். பிறகு, “அம்மாயி, இப்ப நீங்க என்ன செய்யணும்னு இதுல சொல்லியிருக்கு?” என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொல்லிவிட்டால் ஒட்டலாம். சொல்லாவிட்டால் பாட்டியிடம் குறையில்லை, நோட்டீசைத் திருத்தி எழுதத்தான் வேண்டும்.

எங்கே சொல்வது, எப்போது சொல்வது?

ஒரு செயலாளரும் ஒரு கொழுந்தெடுக்கும் அம்மாவும் பேசிக்கொள்வதாக நினைத்துப் பாருங்கள்:

“ஏன் அக்கா, நேத்து கூட்டத்துக்கு வரல?”

“என்ன கூட்டம் தம்பி?”

“ஆபிஸ் செவத்துல நோட்டீஸ் ஒட்டியிருந்தோமே.”

“ஆபிஸ் பக்கம் எனக்கு என்ன வேல? மலையிலருந்து மடுவம், மடுவத்திலருந்து பிள்ளைக் காம்பரா, அங்கருந்து வீடு. என் வழியில ஒட்டியிருந்தா பாத்திருப்பேன்.”

அந்த அக்காவின் பதிலில் ஒரு முழுப் பாடமே இருக்கிறது. மனிதர்கள் செய்தியைத் தேடிப் போகமாட்டார்கள். அவர்கள் போகும் வழியில்தான் செய்தி நிற்க வேண்டும். பெண்களுக்கென்றால் கொழுந்து நிறுக்கும் இடம், பிள்ளை மடுவத்து வாசல், பீலிக்கரை, கிளினிக். ஆண்களுக்கென்றால் பெரட்டுக்களம், கடைத்தெரு, முடிவெட்டும் கடை. பிள்ளைகளுக்கு வேன் நிற்கும் இடம். கோயில் எல்லோருக்கும் பொதுவானது. வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து திருநீறு கொடுக்கும் நேரத்தில் சொல்லும் இரண்டு வசனம், சுவரில் ஒட்டிய பத்து நோட்டீசுக்குச் சமம்.

நேரத்தையும் கவனிக்க வேண்டும். சாயந்தரம் 6 மணிக்குக் கூட்டம் என்றால் ஆண்களுக்கு வசதிதான். பெண்களுக்கு அது அடுப்பு மூட்டும் நேரம், தண்ணீர் பிடிக்கும் நேரம், பிள்ளைகளைக் கழுவும் நேரம். பிறகு ‘மாதர் சங்கக் கூட்டத்துக்குப் பெண்கள் வரவில்லை’ என்று சொல்லிப் பயனில்லை. வீட்டு ஆம்பிளையிடம் சொல்லிவிட்டால் வீட்டுக்குச் சொன்னது போலத்தான் என்று நினைப்பதும் சரியில்லை. தாய்க்குரிய செய்தியைத் தாயிடமே சொல்ல வேண்டும். ஒரு மணி நேரக் கூட்டத்தைவிட, கொழுந்து நிறுத்து முடிந்ததும் தலைவரோடும் துரையோடும் பேசி அனுமதி எடுத்துக்கொண்ட பத்து நிமிஷம் அதிக பலன் தரும்.

ஒரு தடவை சொன்னால் போதாது என்பதையும் மனதில் வைக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு முன் ஒரு தடவை, முதல் நாள் ஒரு தடவை, அன்று காலையில் ஒரு தடவை என்று மூன்று முறை சொல்வது நல்லது. மூன்று முறையும் நாளும் மணியும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒருவர் 10 மணி என்றும் இன்னொருவர் 11 மணி என்றும் சொன்னால் ஆள் வரமாட்டார்.

எச்சரிக்கை சொல்லும்போது

2014 அக்டோபர் 29ஆம் தேதி காலையில் பதுளை மாவட்டம் கொஸ்லந்தைக்கு அருகில் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியதை நம்மில் யாரும் மறக்கவில்லை. முப்பதுக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்தோம். அந்தச் சரிவு ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தும் ஜனங்கள் அங்கேயே இருந்தார்கள்.

‘சொன்னோம், கேட்கவில்லை’ என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் ஒரு குடும்பத்துக்கு வேலையும் அந்தத் தோட்டத்தில், வீடும் அந்தத் தோட்டத்தில், வேறு காணி ஒரு பர்ச்சஸ்கூடக் கிடையாது. ‘இங்கே இருக்காதே’ என்று மட்டும் சொன்னால் அவர்கள் எங்கே போவார்கள்? எங்கே போவது, யார் கூட்டிப் போவது, அங்கே சாப்பாடு உண்டா, விட்டுப் போகும் ஆடு மாட்டுக்கும் சாமான்களுக்கும் யார் காவல் என்பதும் சேர்ந்தால்தான் அது முழு எச்சரிக்கை. இல்லையென்றால் அது பாதிச் செய்திதான். இடம் கொடுப்பது அரசாங்கத்தினதும் கம்பனியினதும் பொறுப்பு. அதைக் கேட்டு வாங்குவது சங்கங்களின் பொறுப்பு.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மூன்று கட்டமாக எச்சரிக்கை விடுக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 மில்லிமீற்றர் என்றால் புறப்பட ஆயத்தமாக வேண்டும். 150 மில்லிமீற்றரைத் தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தாலோ உடனே வெளியேற வேண்டும். வானொலியில் ‘மில்லிமீற்றர்’ என்று கேட்டால் நம்மில் பலருக்கு அது வெறும் நம்பர். அதை லயத்துப் பேச்சாக மாற்றுவதுதான் சங்கத்தின் வேலை. மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள, அடி தட்டையான ஒரு டின்னை மரமோ கூரையோ மறைக்காத வெளியில் வையுங்கள். உள்ளே தண்ணீர் நிற்கும் உயரத்தைப் பிள்ளைகளின் அடிமட்டத்தால் அளந்தால் அதுதான் மழையின் அளவு. 75, 100, 150 என்ற மூன்று இடத்திலும் பெயின்டால் கோடு போட்டுவிட்டால் யாரும் பார்த்துச் சொல்லலாம். “ரெண்டாவது கோடு தாண்டிருச்சு, சாமான கட்டு” என்று ஒரு பையன் ஓடிவந்து சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். நள்ளிரவில் கோயில் மணியை எப்படி அடித்தால் வெளியேற வேண்டும் என்பதையும் முன்கூட்டியே பேசி முடிவு செய்து, ஒரு தடவை அடித்துப் பழகிக்கொள்ள வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தை ஒவ்வொரு இஸ்தோப்பிலும் எழுதிவைப்பது நல்லது.

வெளியாருக்குச் சொல்வது

சங்கம் தனது ஆட்களோடு மட்டும் பேசினால் போதாது. பிரதேச சபைக்கும், பிரதேச செயலாளருக்கும், உதவி செய்ய முன்வரும் நிறுவனங்களுக்கும், பத்திரிகைகளுக்கும் நமது தேவையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் தோட்டம் கம்பனிக் காணி என்று சொல்லிப் பிரதேச சபைகள் கைவிரித்துவந்தன. 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, தோட்டக் குடியிருப்புகளுக்கும் சேவை செய்ய அவற்றுக்கு வழி திறந்திருக்கிறது. வழி திறந்திருந்தாலும் கேட்பவருக்குத்தான் கிடைக்கும்.

‘நாங்கள் மிகவும் கஷ்டப்பட்ட ஏழைகள், தயவுசெய்து உதவுங்கள்’ என்று எழுதும் கடிதம் பைலுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். கணக்கோடு எழுதும் கடிதத்தை அப்படி ஒதுக்கிவிடுவது கஷ்டம். எத்தனை குடும்பம், எத்தனை பீலி, அதில் எத்தனை வேலை செய்கிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் பாதை எத்தனை மீற்றர் உடைந்திருக்கிறது, மழைக்காலத்தில் எத்தனை நாள் போக முடியவில்லை என்று எண்ணி எழுதுங்கள். எதைச் செய்ய வேண்டும் என்பதையும் ஒரே வரியில் கேளுங்கள். நாங்கள் சிரமதானமாகக் கல் சுமப்போம், மண் வெட்டுவோம் என்று நமது பங்கையும் எழுதினால் கடிதத்துக்குப் பலம் கூடும். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தில் சொல்லப்பட்டிருக்கிறது. எனவே தமிழில் எழுதத் தயங்க வேண்டியதில்லை. சிங்களம் எழுதத் தெரிந்த நமது பிள்ளைகளைக் கொண்டு ஒரு பிரதியையும் சேர்த்து வைத்தால் காரியம் சீக்கிரம் நடக்கும்.

பதில் வராவிட்டால் சும்மா இருக்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், ‘எங்கள் கடிதத்துக்கு என்ன நடவடிக்கை எடுத்தீர்கள், எங்கள் பாதைக்குப் பணம் ஒதுக்கப்பட்டதா’ என்று எந்தப் பிரஜையும் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்று தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். மனுவில் காரணம் எழுத வேண்டிய அவசியம்கூட இல்லை.

உதவி தருபவர்களுக்குப் படம் அனுப்பும்போது ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். கிழிந்த சட்டையும் ஒழுகும் மூக்குமாக நிற்கும் பிள்ளையைப் படம் பிடித்து அனுப்பினால் உதவி கிடைக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளை வளர்ந்து ஒரு நாள் அந்தப் படத்தைப் பார்க்கும். தகப்பன் தாயைக் கேட்காமல் பிள்ளையைப் படமெடுக்கக் கூடாது. ஒருவர் தன் கதையைச் சொல்லச் சம்மதித்தால் மட்டும் சொல்லலாம். சொல்லும்போதும் அவர் பட்ட பாட்டை மட்டும் சொல்லி நிறுத்தாமல், அவர் செய்த முயற்சியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாம் கை ஏந்தி நிற்கும் கூட்டமல்ல. நமது உழைப்பில்தான் இந்த நாட்டுத் தேயிலைக்குப் பேர் வந்தது.

கணக்குச் சொல்வதும் செய்திதான்

ஒரு சங்கம் நூறு நல்ல நோட்டீஸ் எழுதினாலும், கணக்கை மறைத்தால் ஆட்கள் காது கொடுக்கமாட்டார்கள். மாதாமாதம் மரண சகாய சங்கத்துக்குக் காசு கட்டுகிறவருக்கு அது எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். போன மாதம் கையிருப்பு எவ்வளவு, இந்த மாதம் வந்தது எவ்வளவு, எத்தனை வீட்டுக்குக் கொடுத்தோம், இப்போது மிச்சம் எவ்வளவு என்று நாலே வரியில் எழுதிச் சம்பள நாளன்று ஒட்டிவிட்டால் போதும். “காசு எங்க போவுதுன்னே தெரியல” என்ற பேச்சு அத்தோடு அடங்கும். நம்பிக்கை இருக்கும் சங்கம் மெதுவாகச் சொன்னாலும் ஜனங்கள் கேட்பார்கள்.

அதேபோல, கேட்பதும் செய்தி சொல்வதில் பாதி. கூட்டத்தில் பெரியவர்கள் முன்னால் பேசக் கூச்சப்படும் மருமகள், பீலிக்கரையில் மனம்விட்டுப் பேசுவாள். கமிட்டியில் உள்ள பெண்கள் அதைக் கேட்டுவந்து கூட்டத்தில் வைக்கலாம். கேட்டதற்கு என்ன செய்தோம் என்று அடுத்த மாதம் திரும்பிச் சொல்ல வேண்டும். செய்ய முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இப்போது இளைஞர்கள் கைத்தொலைபேசியில் வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். அது நல்ல வசதி. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் செய்தி உடனே எட்டுகிறது. படிக்கத் தெரியாத தாய்க்குக் குரலில் பேசி அனுப்பலாம். ஆனால் போன் இல்லாத வீடும், டேட்டா போட முடியாத மாதமும் இன்னும் உண்டு. மலைக்குப் பின்னால் சிக்னல் கிடைக்காத லயமும் இருக்கிறது. எனவே வாட்ஸ்அப்பில் போட்டாயிற்று என்று நோட்டீசையும் வாய்ப்பேச்சையும் விட்டுவிடக் கூடாது. வெறும் வதந்தியும் அதே வழியாகத்தான் வருகிறது. அரசாங்கம் காசு கொடுக்கிறது, ஐடென்டி கார்ட் நம்பரை அனுப்பு என்று ஒரு செய்தி வந்தால், கிராம உத்தியோகத்தரிடமோ நலன்புரி உத்தியோகத்தரிடமோ கேட்டு உறுதிப்படுத்தாமல் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

இந்த மாதம் செய்யக்கூடியது

தோழர்களே, மேலே சொன்னவற்றில் பெரிய செலவுள்ள காரியம் ஒன்றுமில்லை. ஒரு மட்டைக் கடதாசி, ஒரு பேனை, கொஞ்சம் யோசனை போதும். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இந்த மூன்றை மட்டும் செய்து பாருங்கள்.

முதலாவது, உங்கள் டிவிசனின் வரைபடம் ஒன்றைக் கையால் வரைந்து, பெண்கள், ஆண்கள், பிள்ளைகள், வயதானவர்கள் தினமும் எந்தெந்த இடத்தைக் கடந்து போகிறார்கள் என்று குறியுங்கள். நோட்டீஸ் எங்கே ஒட்டுவது என்பதை அந்தப் படமே சொல்லிவிடும்.

இரண்டாவது, லயத்துக்கு ஒருவரைத் தெரிவு செய்யுங்கள். நடக்க முடியாத தாத்தாவுக்கும், படிக்கத் தெரியாத அம்மாவுக்கும், கூட்டத்துக்கு வராத வீட்டுக்கும் வாயால் போய்ச் சொல்வது அவர் பொறுப்பு. தலைவரின் சொந்தக்காரர்தான் வேண்டும் என்பதில்லை. எல்லா வீட்டு வாசலிலும் நின்று பேசக்கூடியவராக இருந்தால் போதும்.

மூன்றாவது, அந்த மூன்று பேர்ப் பிரச்சினையையே முதல் செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள். செக்ரோல், அடையாள அட்டை, பிறப்புச் சாட்சிப் பத்திரம் மூன்றையும் ஒவ்வொரு வீட்டிலும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேர் ஒன்றாக இருந்தால் சந்தோஷம். வேறாக இருந்தால், கை கால் பலமாக இருக்கும்போதே, சாட்சி சொல்லப் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே, சரிசெய்யத் தொடங்கலாம். முப்பது வருஷம் பனியிலும் அட்டைக்கடியிலும் உழைத்துச் சேர்த்த காசு, ஓர் எழுத்து மாறியதற்காகக் கந்தோரில் தேங்கி நிற்கக் கூடாது.

கூட்டம் முடிந்ததும் எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் எண்ணாதீர்கள். வராத வீடு எது என்றும் எண்ணுங்கள். அடுத்த நாள் அந்த வீட்டு வாசலுக்குப் போய், “ஏன் வரல?” என்று அதட்டாமல், “எப்படிச் சொல்லியிருந்தா ஒங்களுக்கு வசதியா இருந்திருக்கும்?” என்று கேளுங்கள். கிடைக்கும் பதிலை எழுதி வைத்துக்கொண்டு அடுத்த நோட்டீசை எழுதுங்கள். உங்கள் தோட்டத்தில் எந்த வழி பலன் தந்தது என்பதை எங்களுக்கும் எழுதி அனுப்பினால், மற்றத் தோட்டத்தார் படிக்கும்படி இந்தப் பக்கங்களில் சேர்த்துக்கொள்வோம்.